வராதவர்களின் பெயர்கள்

இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு

நம் கல்லூரியில் நான் சேர்ந்த முதல் ஆண்டு. காலை முதல் மணி. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வரிசையாக எண்களை அழைக்கிறார். "16." "உள்ளேன் ஐயா." "17." பதில் இல்லை. வகுப்பில் ஒரு கண நேர அமைதி. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவன் வரமாட்டான் சார், வேலைக்குத் திருப்பூர் போயிட்டான்." மறுநாளும் அதே அழைப்பு, அதே அமைதி, அதே குரல். அந்தப் பருவம் முழுவதும் இப்படியே நடந்தது. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. வராதவன் பெயரை நாள்தோறும் அழைப்பானேன்? குறுக்கே ஒரு கோடு போட்டால் போயிற்றே என்று பேசிக்கொண்டோம்.

அந்த 17ஆம் எண்ணை நான் மறந்தே போனேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினி அதை எனக்கு நினைவூட்டியது. அந்த நிகழ்ச்சியையும், அதில் நான் அடைந்த வெட்கத்தையும், அதன் பின் கற்றுக்கொண்ட சிறு பாடத்தையும் இந்த ஆண்டு மலரில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த மடிக்கணினி அக்காவுடையது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அவள் பிளஸ் டூ படித்தபோது, 2012இல் கிடைத்தது. அது வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்குப் பொட்டு வைத்தாள். பள்ளி முடிந்து கல்லூரிப் படிப்பு முடியும் வரை அது அக்காவின் கையை விட்டு அகலவில்லை. 2019இல் அவளுக்குத் திருமணமாயிற்று. புறப்படும்போது, "இது அப்பாவுக்கு இருக்கட்டும்" என்று விட்டுச் சென்றாள்.

அப்பா மனு எழுதுபவர். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியுந்தான் அவருடைய அலுவலகம். இளமையில் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர். நெடுங்காலம் தட்டச்சு யந்திரத்தில் மனு அடித்தார். கடந்த 3 ஆண்டுகளாக அவருடைய வலக்கை நடுங்குகிறது. பேனா பிடித்தால் எழுத்து கோணிப் போகிறது. விசைகளைத் தட்டுவதற்கு மட்டும் அந்த நடுக்கம் பெருந்தடையாக இல்லை. எனவே பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரார் கேட்டு வரும் மனுக்களையெல்லாம் அந்த மடிக்கணினியிலேயே அடிப்பார். பென் டிரைவில் ஏற்றிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும், என் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுவதும் அந்த மனுக்களால்தான்.

மடிக்கணினிக்கும் முதுமை வந்துவிட்டது. அதில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த ஆதரவு 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டது. நினைவகமோ 2 ஜிபி. பொத்தானை அழுத்திவிட்டு அப்பா எதிர்க்கடைக்குப் போய்த் தேநீர் அருந்திவிட்டு வருவார். அப்போதும் அது முழுதாக விழித்திராது. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 6 நிமிடம் 10 விநாடி! அது போதாதென்று, ஒவ்வொரு நாளும் ஒரு கறுப்புச் சன்னல் பளிச்சென்று திறந்து மூடும். அதன் பின் ஒரு சிறு பெட்டி தோன்றி, ஏதோ ஒன்றைத் தொடங்க முடியவில்லை, குறித்த கோப்பைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் முறையிடும். அப்பா அதைப் படிப்பதே இல்லை. 'ஓகே' என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார். கேட்டால், "அது தினமும் சொல்றதுதான்டா" என்பார்.

"நான் சரி பண்ணித் தர்றேம்ப்பா" என்றேன். கல்லூரியில் படிக்கும் மகன் சொன்னால் எந்தத் தகப்பனார்தாம் நம்ப மாட்டார்?

கணிப்பொறி விழித்தெழும்போது என்ன நடக்கிறது என்பதை, அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எழுந்து நாம் உள்ளே நுழைந்ததும் அது ஒரு பட்டியலை எடுத்துப் படிக்கிறது. நம் வருகைப் பதிவேடு போன்றதே அது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர். அந்தப் பெயருக்குரிய நிரல் வட்டில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. வரிவரியாகப் படித்து அந்தந்த நிரலைத் தட்டி எழுப்புவது விண்டோஸின் வேலை. பழைய டாஸ் காலத்தில் இதற்கென்று 'ஆட்டோஎக்ஸெக்' என்ற கோப்பு இருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் 'ஸ்டார்ட்டப்' என்று ஒரு தொகுப்பு உண்டு. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது, 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பெரும் பதிவேட்டுக்குள் இந்தப் பட்டியலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்துக்குப் பெயர் 'ரன்'. கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் பொதுவாக ஒன்றும், அவரவர்க்குத் தனியே ஒன்றும் உண்டு. அதன் பக்கத்திலேயே 'ரன்ஒன்ஸ்' என்று மற்றோர் இடம். அதில் எழுதிய வேலை ஒரே ஒரு முறைதான் நடக்கும். அந்த வரியை விண்டோஸே அழித்துவிடும். 'ரன்' பகுதியில் எழுதியதோ யாராவது அழிக்கும் வரை நிலைத்து நிற்கும். ஸ்டார்ட்டப் ஃபோல்டரும் இன்று வரை இருக்கிறது. அதில் ஒரு நிரலைப் போட்டு வைத்தால் அதுவும் தானே எழும்.

ஒரு நிரலை நாம் நீக்கும்போது, அது தன் வரியையும் துடைத்துவிட்டுப் போவதுதான் முறை. எல்லா நிரல்களும் அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. சில வேளைகளில் நாமே ஃபோல்டரைக் கையால் அழித்துவிடுகிறோம். வேறு சில வேளைகளில் வைரஸ் தடுப்பு நிரல் ஒரு கெட்ட கோப்பைப் பிடித்து அழிக்கிறது. அதன் வரியை அப்படியே விட்டுவிடுகிறது. ஆள் போய்விடுகிறார், பதிவேட்டில் பெயர் மட்டும் நிற்கிறது. விண்டோஸும் அலுக்காமல் நாள்தோறும் அந்தப் பெயரை அழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இரவு. எல்லாரும் உறங்கிய பின் மடிக்கணினியைத் திறந்தேன். 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற கருவியில் ஸ்டார்ட்டப் பட்டியல் தெரியும் என்று அறிந்திருந்தேன். திறந்து எண்ணினேன். 23 பெயர்கள்.

படித்துக்கொண்டு போகப் போக, அக்காவின் கல்லூரி நாட்கள் கண் முன்னே விரிந்தன. முதலில் ஒரு டேட்டா கார்டின் பெயர். அந்நாளில் இணையம் வேண்டுமென்றால், யூஎஸ்பியில் செருகும் அந்தச் சிறு கட்டையை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படிக்கு ஓடுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அந்தக் கட்டை எங்கோ தொலைந்து பல ஆண்டுகள் ஆயின. அடுத்தது யாகூ மெசஞ்சர். வெளியூர்த் தோழிகளோடு அவள் இரவெல்லாம் பேசியது அதில்தான். அந்தச் சேவையே 2018 ஜூலை 17 அன்று மூடப்பட்டுவிட்டது. பிறகு ஓர் அச்சு இயந்திரத்தின் மை அளவைச் சொல்லும் நிரல். அந்த இயந்திரம் பழுதாகி, அம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டாள். மை இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் மட்டும் இன்னமும் காவல் காத்துக்கொண்டிருந்தது! பழைய கைப்பேசிக்குப் பாட்டு ஏற்றுவதற்கு ஒன்று. போட்டித் தேர்வு சி.டி. ஒன்றோடு வந்த ஆங்கில அகராதி ஒன்று. உலாவியில் தானே வந்து ஒட்டிக்கொண்ட கருவிப்பட்டை ஒன்று. அப்பாவிடம் நாள்தோறும் முறையிடும் பெட்டி அந்தக் கருவிப்பட்டையினால் வந்தது என்று கண்டுகொண்டேன்.

சிரிப்பும் வந்தது, ஓர் இரக்கமும் வந்தது. ஆனால் இரக்கத்தைவிட என் அறிவின் மீது எனக்கிருந்த நம்பிக்கை பெரிதாக இருந்தது. அந்தக் கருவியில் பெயருக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால், நிரல் எழாது. ஆனால் வரி அழியாமல், நிறுத்திய தேதியோடு வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும். அப்படிச் செய்வது எனக்கு அரைகுறை வேலையாகப் பட்டது. வேரோடு பிடுங்க வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரியையே திறந்தேன். அங்கே அழித்தால் அழித்ததுதான். வேறு நிரல்களில் இருப்பதுபோல் 'மீட்டுக்கொள்' என்ற வசதி அதில் கிடையாது.

எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பெயர் தெரிந்து, வேலையும் தெரிந்தால் இருக்கட்டும், தெரியாவிட்டால் போகட்டும். தொடுபலகைக்குரியது ஒன்று, ஒலிக்குரியது ஒன்று, வைரஸ் தடுப்பு ஒன்று ஆக 3 பெயர்களை விட்டுவைத்தேன். மற்ற 20 பெயர்களையும் துடைத்தேன். அவற்றுள் ஒன்று ஆங்கில எழுத்தில் ஏதோ வாயில் நுழையாத பெயராக இருந்தது. எந்த நாட்டுச் சரக்கோ என்று எண்ணி அதையும் அழித்தேன். ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் ஒரு சிறு பேட்ச் கோப்பு கிடந்தது. கறுப்புச் சன்னலைக் காட்டுவது அதுதான் என்று தெரிந்தது. வைரஸாகத்தான் இருக்கும் என்று அதையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுபடி தொடங்கிப் பார்த்தேன். 3 நிமிடம் 30 விநாடி! முறையிடும் பெட்டியும் இல்லை; கறுப்புச் சன்னலும் இல்லை. பெரிய சாதனை புரிந்தவன் போல உறங்கச் சென்றேன்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். அதற்கு முந்தைய மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் சிலர் காத்திருப்பார்கள். அன்று ஒரு பாட்டி மட்டும் வந்திருந்தார். 70 வயதுக்கு மேல் இருக்கும். அவர் கணவர் இறந்து 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. இருக்கும் சிறிது நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து இரவு 8 மணிக்கு.

"உக்காருங்கம்மா, அரை மணியில முடிச்சிடலாம்" என்று சொல்லி அப்பா மடிக்கணினியைத் திறந்தார். சீக்கிரம் எழுந்துவிட்டதைப் பார்த்து என்னை ஒரு முறை பெருமையோடு நோக்கினார். பிறகு விரல்களை விசைகளின் மேல் வைத்தார். திரையில் வந்தவை ஆங்கில எழுத்துகள். மறுபடி தட்டினார். மறுபடியும் ஆங்கிலம்.

"என்னடா இது, தமிழே வரலியே?"

நான் போய்ப் பார்த்தேன். எழுத்துரு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மாற்றினேன். வரவில்லை. விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் விசைகளின் அமைப்பு வேறு. தட்டச்சு யந்திரத்தில் பழகிய அப்பாவின் விரல்கள் 'க' இருக்கும் என்று எண்ணிப் போன இடத்தில் வேறு ஏதோ இருந்தது. நூற்றுக்கணக்கான மனுக்களைக் கண் மூடி அடித்த அந்த விரல்கள், எழுதப் படிக்கத் தெரியாதவன் போல ஒவ்வொரு விசையாகத் தடவித் தேடின. அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்தால் தெரிந்துவிடும். ஆனால் நேற்றிரவு செய்ததைச் சொல்ல வேண்டி வருமே! நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று.

"ஐயா, பஸ்ஸு போயிடுமே" என்றார் பாட்டி மெல்ல.

அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்தார். அலமாரியிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவை எடுத்து, வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். 'பெறுநர்' என்ற ஒரு சொல்லை எழுதவே நேரம் பிடித்தது. ஒரு தாள் கோணிப் போய்விட்டது என்று கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "நான் எழுதறேம்ப்பா" என்றேன். "உனக்கு வாசகம் தெரியாது" என்றார், தலை நிமிராமலே. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மனு முடிந்தபோது மணி 7.45. பாட்டி இடக்கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். தாளை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தார். பேருந்து நிறுத்தம் வரை நானும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். அதைத் தவிர அன்று நான் செய்த நல்ல காரியம் வேறில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீம்பை விட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "கீழே மூலையில கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் படம் இருக்குமே, இருக்கா?" இல்லை என்றேன். "அடப்பாவி, எ-கலப்பையை எடுத்துட்டியா?" என்று சிரித்தாள்.

எ-கலப்பை! தமிழில் தட்டச்சிட உதவும் பொருட்டு, தமிழ்த் தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கிய சிறு நிரல் அது. நேற்றிரவு எந்த நாட்டுச் சரக்கோ என்று நான் எண்ணிய பெயர் அதுதான். நம் வயலில் கிடக்கும் கலப்பை ஆங்கில எழுத்தை அணிந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் பழைய தட்டச்சு யந்திரத்தின் விசை அமைப்பும் உண்டு என்பதற்காகவே, அக்கா தேடிப் பிடித்து அப்பாவுக்காக அதை நிறுவியிருக்கிறாள். நிரல் வட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. காலையில் அதை எழுப்புவதற்குரிய வரியைத்தான் நான் அழித்திருந்தேன். அக்கா சொன்ன இடத்தில் சொடுக்கியதும் தமிழ் வந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிட வேலை தெரியாமல் ஒரு முதியவரின் கையை நடுங்க வைத்தேன்.

"வேற என்ன எடுத்த?" என்றாள் அக்கா. கறுப்புச் சன்னலைப் பற்றிச் சொன்னேன். அவள் குரல் மாறியது. "அதைத் திறந்து படிச்சுப் பாத்தியா?" என்றாள். படிக்கவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து நோட்பேடில் திறந்தேன். 3 வரிகள்தாம். முதல் வரி சாதாரணக் கட்டளை. மூன்றாம் வரி, அப்பாவின் மனுக்கள் உள்ள ஃபோல்டரில் புதியனவாகவும் மாறியனவாகவும் இருப்பவற்றைப் பென் டிரைவுக்கு நகலெடு என்று கூறியது. நடுவில் இருந்த வரி 'ரெம்' என்று தொடங்கியது. அப்படித் தொடங்கும் வரியைக் கண்டால் கணிப்பொறி ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய்விடும். அது மனிதருக்காக எழுதப்படும் குறிப்பு. அதில் அக்கா, ஆங்கில எழுத்தில் தமிழாக, இப்படி எழுதியிருந்தாள்: 'அப்பா மனு எல்லாம் இதில் ஏறும். யாரும் எடுக்க வேண்டாம்.'

மடிக்கணினியின் பக்கவாட்டில் எப்போதும் ஒரு சிறிய பென் டிரைவ் செருகியே இருக்கும். அதுவும் மடிக்கணினியின் ஓர் உறுப்பு என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அதைத் திறந்து பார்த்தேன். அக்கா புகுந்த வீடு சென்ற 2019 முதல் அன்று வரை அப்பா அடித்த மனுக்கள் அத்தனையும் அதில் இருந்தன. யாருக்கும் தெரியாமல், ஒவ்வொரு காலையும் ஒரு நொடி திறந்து மூடிய அந்தக் கறுப்புச் சன்னல், பிரிந்து போன மகள் தகப்பனாருக்குச் செய்துவந்த பணிவிடை. அதை வைரஸ் என்று தள்ளினேன்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிறிது நேரம் கழித்து அந்தப் பாட்டியின் பட்டாவைப் பற்றிப் பேசினார்.

"பேர அடிக்க எவ்வளவு நேரம்டா ஆகும்? ஒரு கோடு. செத்தவர் பேருதானே, அடிச்சா என்னன்னு தோணும். ஆனா அந்தப் பேரைப் புடிச்சிக்கிட்டுத்தான் இந்தம்மா அந்த நெலத்துல நிக்குது. அதனாலதான் இறப்புச் சான்று கேக்கிறாங்க, வாரிசுச் சான்று கேக்கிறாங்க, வி.ஏ.ஓ. விசாரிக்கிறாரு. செத்தவர் பேர எடுக்கத்தான் வேணும். எடுக்கிறதுக்கு முன்னால, அதை நம்பி யார் இருக்காங்கன்னு கேக்கணும். கேட்டுட்டு எடு."

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும், கணிப்பொறி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு யோசனைகள் சொன்னார். ஒன்று, விண்டோஸ் 7 அவ்வப்போது தானே குறித்து வைக்கும் 'ரெஸ்டோர் பாயின்ட்'டைக் கொண்டு ரெஜிஸ்ட்ரியைப் பழைய நிலைக்குத் திருப்புவது. மற்றொன்று, 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவியைப் பயன்படுத்துவது. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் உருவாக்கியது அது. அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிக்கொண்டது. தானே எழும் நிரல்கள் எங்கெங்கே ஒளிந்திருந்தாலும் அத்தனையையும் அது ஒரே இடத்தில் காட்டும். எந்த வரியின் முகவரியில் கோப்பு இல்லையோ, அந்த வரியை மஞ்சள் நிறத்தில் காட்டும். டிக்கை எடுத்தால் வரியை அழிக்காமல் ஒதுக்கி வைக்கும். மறுபடி டிக் போட்டால் திரும்பி வரும்.

அடுத்த வார இறுதியில் வீட்டுக்குச் சென்றேன். நல்லவேளையாக, நான் கை வைத்ததற்கு முந்தைய தேதியிட்ட ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று இருந்தது. அழித்த பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன. பேட்ச் கோப்பும் தன் இடத்தில் இருந்தது. முறையிடும் பெட்டியும் திரும்பி வந்தது. அதைப் பார்த்து இந்த முறை எனக்கு எரிச்சல் உண்டாகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து 23 பெயர்களையும், அவற்றின் முகவரிகளையும், ஒவ்வொன்றும் யாருக்காக என்பதையும் எழுதினேன். தெரியாதவற்றுக்கு அக்காவைக் கேட்டேன்.

கணக்குப் பார்த்தபோது, 8 பெயர்கள் ஆளில்லாதவை. 10 பெயர்கள் ஆள் இருந்தும் வேலையில்லாதவை. 5 பெயர்கள் தேவையானவை. முதலில் ஆளில்லாத 8 பெயர்களை மட்டும் நிறுத்தி, கடிகாரத்தைப் பிடித்தேன். 6 நிமிடம் 5 விநாடி. வெறும் 5 விநாடிதான் குறைந்தது! எனக்கு வியப்பாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பில்லை. விண்டோஸ் அந்தப் பெயரை அழைக்கிறது. ஆள் இல்லையென்றால் பேசாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு, உயிரோடிருந்து நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டு, இல்லாத அச்சு இயந்திரத்துக்கு மை பார்க்கும் அந்த 10 பெயர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். 3 நிமிடம் 40 விநாடி. முதல் தடவை கிடைத்த வேகத்துக்கு ஏறக்குறையச் சமம். அப்பாவின் தமிழையும் அக்காவின் நகலையும் பலி கொடுத்து அன்று நான் மிச்சம் பிடித்தது 10 விநாடிதான்!

அப்படியானால் ஆளில்லாத பெயர்களை விட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். விடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அந்த முறையிடும் பெட்டியையே பாருங்கள். மற்ற பெயர்கள் பேசாமலிருக்க, அது மட்டும் ஏன் பேசியது? அந்த வரியில் 'ரன்டிஎல்எல்' என்ற விண்டோஸின் சொந்த நிரல் அழைக்கப்பட்டு, அதனிடம் கருவிப்பட்டையின் கோப்பை எடுத்து நடத்தும்படி கூறப்பட்டிருந்தது. அழைக்கப்பட்டவர் வந்துவிட்டார், அவரிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளைத்தான் காணோம். எனவே அவர் நாள்தோறும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாள்தோறும் கேட்டதால் அப்பா அதைப் படிக்காமலே 'ஓகே' சொல்லப் பழகிவிட்டார். நாளை வேறொரு பெட்டி, உண்மையாகவே ஆபத்தைச் சொல்ல வந்தாலும், அதற்கும் அவர் கை 'ஓகே' சொல்லிவிடும். அதுதான் பெருந்தீங்கு. இன்னொன்றும் உண்டு. ஆளில்லாத முகவரியில் அதே பெயரோடு வேறு யாராவது வந்து குடியேறினால், விண்டோஸ் 'நீ யார்?' என்று கேட்பதில்லை; பழைய நினைப்பில் எழுப்பிவிடுகிறது.

எனவே 8 பெயர்களையும் நீக்கத்தான் செய்தேன். ஆனால் ஒரு மாதம் நிறுத்தி வைத்து, அப்பாவின் வேலை எதுவும் தடைப்படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே நீக்கினேன். நீக்குவதற்கு முன் அந்தப் பகுதியை ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்தும் வைத்தேன். வேலையில்லாத 10 பெயர்களை இன்னும் அழிக்கவில்லை, நிறுத்தியே வைத்திருக்கிறேன். யாகூ மெசஞ்சரை மட்டும் அழிக்கலாமா என்று அக்காவைக் கேட்டேன். "அழிச்சிடுடா, அவங்கெல்லாம் இப்ப வாட்ஸ்அப்புல இருக்காங்க" என்றாள். பிறகு, "இரு, அடுத்த வாரம் வருவேன். ஒரு தடவை பாத்துட்டு அழிச்சிடலாம்" என்றாள்.

எ-கலப்பையின் வரியும் பேட்ச் கோப்பும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. காலையில் அந்தக் கறுப்புச் சன்னல் திறந்து மூடும்போது அப்பா இப்போது, "உங்க அக்கா வந்துட்டுப் போறா" என்கிறார். பாட்டியின் மனு பெறப்பட்டு விசாரணைக்கு அனுப்பப்பட்டிருப்பதாக, அடுத்த மாதம் வந்தபோது சொன்னார். வி.ஏ.ஓ. வந்து விசாரித்தாராம். "ஐயா கையெழுத்து கொஞ்சம் ஆடியிருந்துச்சு, ஆனா படிச்சிட்டாங்க" என்றார்.

இப்போது அந்த 17ஆம் எண்ணுக்கு வருகிறேன். முதல் பருவம் முடிந்து புதிய பதிவேடு எழுதும்போதுதான் ஆசிரியர் அந்தப் பெயரை விட்டார். அன்று நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அண்மையில் பேச்சுவாக்கில் அவரிடமே கேட்டேன். "வீட்டுக்குப் போன் பண்ணினேன்பா. அவங்க அம்மா, 'திரும்பி வருவானான்னு தெரியல, கொஞ்ச நாள் பேரை வச்சிருங்க'ன்னாங்க. வச்சிருந்தேன். பருவம் முடிஞ்சு மறுபடி பேசினேன். 'இனி வரமாட்டான்'னு அவனே சொன்னான். அப்புறம்தான் எடுத்தேன்" என்றார்.

அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் நாள்தோறும் "17" என்று அழைத்துவிட்டு, ஒரு கணம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.